மாட்டுக்கு முன் புல்லைக் கணக்கிடுங்கள்

புடைவைக் கடை வைத்திருப்பவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நோன்புப் பெருநாளுக்கான சரக்கு ரமழான் பிறப்பதற்கு முன்பே கடைக்கு வந்துவிட வேண்டும். 27 ஆம் நோன்புக்குப் பிறகு வந்திறங்கும் துணி எவ்வளவு மலிவாகக் கொள்முதல் செய்யப்பட்டிருந்தாலும் அது இலாபமல்ல. அடுத்த வருடம் வரை முடங்கிக் கிடக்கும் முதல் அது. சரக்கின் விலையைப் போலவே அது வந்து சேரும் காலமும் வியாபாரத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் இதே வர்த்தகர் மாட்டில் பணம் போடும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார். கிழக்கிலும் வடமத்தியிலும் நம்மவர்கள் பலர் கடையில் மிஞ்சும் பணத்தை மாட்டில் போட்டு வைக்கிறார்கள். பத்து மாடு, இருபது மாடு வாங்கி ஒரு பட்டிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வருடத்துக்கு ஒரு தடவை போய் எண்ணிப் பார்ப்பார்கள். வாங்கும்போது விலை கேட்பார்கள், பல் பார்ப்பார்கள், தரகரோடு பேரம் பேசுவார்கள். இந்த மாடு எந்த மாதத்தில் கன்று போடும், அந்த மாதத்தில் புல் இருக்குமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மாட்டுப் பண்ணையின் இலாப நட்டம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் தங்கியிருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, புல்லை நம்பியே மாட்டிறைச்சித் தொழில் செய்யும் ஒரு நாட்டைப் பார்ப்போம். அயர்லாந்து நமது நாட்டைவிடச் சற்றுப் பெரியது. சனத்தொகை நம்மில் கால் பங்கு அளவுதான். அங்கு உற்பத்தியாகும் மாட்டிறைச்சியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெளிநாடுகளுக்குப் போகிறது. இவ்வளவு பெரிய ஏற்றுமதிக்கு அடித்தளமாக இருப்பது தீன் மூட்டை அல்ல, வயலில் வளரும் புல்.

வசந்தத்தின் கணக்கு

அயர்லாந்தில் குளிர்காலத்தில் புல் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். மண்ணின் வெப்பம் 5, 6 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் புல் மீண்டும் எழும்பும். அதனால் மாடுகளைப் பல மாதங்களுக்குக் கொட்டிலில் அடைத்து, முந்திய கோடையில் வெட்டிப் பதப்படுத்திய சைலேஜைக் கொடுக்கிறார்கள். பெப்ரவரி, மார்ச்சில் புல் மெல்லத் தலைகாட்டும். மே மாதத்தில்தான் வளர்ச்சி உச்சத்துக்கு வரும்.

இனிக் கன்றின் பக்கத்தைப் பாருங்கள். கன்று பிறந்த முதல் சில வாரங்களில் அதற்குத் தேவைப்படும் பால் கொஞ்சம். இரண்டு மூன்று மாதம் ஆகும்போது தாய்ப்பசுவிடம் நிறையப் பால் வேண்டும், கன்றும் புல் கடிக்கத் தொடங்கும். ஆகவே கன்று பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரையிலான காலத்தில் பிறந்தால், தேவை உச்சத்துக்கு வரும் வேளையில் புல்லும் உச்சத்துக்கு வரும். பணம் கொடுத்துத் தீன் வாங்காமலே மாடு பால் சுரக்கும், கன்று கொழுக்கும்.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 285 நாட்கள். பெப்ரவரி நடுவில் கன்று வேண்டுமென்றால் முந்திய மே மாதத் தொடக்கத்தில் காளையைப் பட்டியில் விட வேண்டும். ஓகஸ்ட் தொடங்கும்போது காளையைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். இப்படிச் செய்தால் கன்றுகள் யாவும் மூன்று மாதங்களுக்குள் பிறந்துவிடும். ஒரே வயதுக் கன்றுகளுக்கு ஒன்றாகத் தடுப்பூசி போடலாம், ஒன்றாகப் பால் மறக்கச் செய்யலாம், ஒன்றாகச் சந்தைக்கும் அனுப்பலாம். வருடம் முழுவதும் ஒவ்வொன்றாகப் பிறக்கும் கன்றுகளை வைத்திருப்பவர் தரகரிடம் ஒவ்வொன்றாகத்தான் விற்கிறார். ஒரே அளவில் முப்பது கன்று வைத்திருப்பவரிடம் தரகர் பேசும் பேச்சே வேறு.

இன்னொரு கழித்தலையும் செய்து பாருங்கள். வருடத்துக்கு 365 நாட்கள். அதில் 285 நாட்கள் சினையில் போனால் மீதி 80 நாட்கள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற பசு அந்த 80 நாட்களுக்குள் மறுபடி சினைப்பட வேண்டும். நன்றாக உண்ட பசு மீண்டும் பருவத்துக்கு வரவே ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும். முதல் கன்று போட்ட நாகுக்கு இன்னும் கூடுதலாக எடுக்கும். மெலிந்த பசுவுக்கு எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. ஒரு பருவம் தவறினால் அடுத்ததுக்கு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். தாயிடம் நன்றாகப் பால் குடிக்கும் கன்று அங்கே நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடுகிறது. அப்படியானால் ஒரு பருவம் தவறியதன் விலை விற்கும் நாளில் 20 கிலோ குறைந்த கன்று. கடையில் காசுப் பெட்டியிலிருந்து இந்தப் பெறுமதி காணாமல் போனால் அன்றிரவு நித்திரை வருமா? பட்டியில் போகும்போது மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

காளை விடயத்திலும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பதில்லை. வளர்ந்த காளை ஒன்றுக்கு 25, 30 பசுக்கள் என்பது பொதுவான கணக்கு. இளம் நாம்பனுக்கு அதைவிடக் குறைவு. பட்டியில் விடுவதற்கு இரண்டு மாதம் முன்பாகவே காளையின் கால், குளம்பு, உடல் நிலை ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். மிருக வைத்தியரைக் கொண்டு விந்தையும் பரிசோதிக்கிறார்கள். ஏன் இரண்டு மாதம்? விந்து உருவாகி முதிர ஏறக்குறைய 60 நாட்கள் எடுக்கும். மார்ச்சில் காளைக்கு வந்த காய்ச்சலின் விளைவு மே மாதத்தில்தான் வெளிப்படும். வெளித்தோற்றத்தில் கம்பீரமாக நிற்கும் ஒரு காளை முப்பது பசுக்களின் ஒரு வருட வருமானத்தை இல்லாமலாக்கிவிடும். காளையைப் பிரித்த பிறகு சினை பார்த்து, சினைப்படாத பசுக்களைக் குளிர்காலத் தீனைத் தின்ன விடாமல் விற்றுவிடுவது அங்கு வழக்கம்.

புல்லும் ஒரு ஸ்டொக்

அயர்லாந்தின் திறமையான பண்ணையாளர் வசந்தத்தில் வாரம் ஒரு தடவை தன் வயல் முழுவதையும் நடந்து பார்க்கிறார். எந்தத் துண்டில் எவ்வளவு புல் நிற்கிறது, பட்டிக்கு எத்தனை நாளைக்குக் காணும் என்று எழுதிக்கொள்கிறார். இது நாம் கடையில் செய்யும் ஸ்டொக் எடுப்பைப் போன்றதுதான்.

மேய்ச்சல் நிலம் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் இரண்டு மூன்று நாள் மேயவிட்டு அடுத்ததுக்கு மாற்றுகிறார்கள். புல் 10 சென்ரிமீற்றர் அளவு வளர்ந்ததும் மாட்டை விடுவது, 4 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்ததும் எடுத்துவிடுவது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. அவர்கள் வளர்க்கும் புல்லின் ஒரு தண்டில் ஒரே நேரத்தில் மூன்று பச்சை இலைகள்தான் இருக்கும். நான்காவது இலை வரும்போது முதலாவது காய்ந்துவிடும். முந்தினால் புல்லில் சேமிப்பு இல்லை, பிந்தினால் விளைந்தது வீண். கடிபட்ட புல் மறுபடி எழும்ப மே மாதத்தில் மூன்று வாரம் போதும், குளிர் விலகாத மார்ச்சில் அதைவிட நீண்ட ஓய்வு வேண்டும். ஓய்வு கொடுக்காமல் திரும்பத் திரும்ப மேயவிடுவது, முதலிலிருந்து எடுத்துச் சாப்பிடும் வியாபாரியின் நிலைதான்.

மே, ஜூனில் மாடு தின்று முடிக்க முடியாத அளவு புல் விளையும். அந்த மிச்சத்தை வெட்டி, காற்றுப் புகாமல் மூடி, சைலேஜாக்கி வைக்கிறார்கள். யூஸுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் கொழுத்த ஏழு பசுக்களும் மெலிந்த ஏழு பசுக்களும் நமக்குத் தெரியும். விளைச்சல் காலத்தில் சேமித்தவர்களே பஞ்ச காலத்தைத் தாண்டினார்கள் என்பது அதில் நாம் பெறும் பாடம். அயர்லாந்து மக்கள் இதை 2013 இல் கஷ்டப்பட்டு மீண்டும் படித்தார்கள். 2012 கோடை மழையால் சைலேஜ் குறைவாகவும் தரம் கெட்டும் இருந்தது. 2013 வசந்தம் கடும் குளிரோடு பிந்தி வந்தது. கொட்டிலில் தீன் முடிந்துவிட்டது, வெளியே புல் முளைக்கவில்லை. பிரித்தானியாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கப்பலில் வைக்கோலும் உலர்புல்லும் கொண்டுவந்தார்கள். அரசாங்கமும் போக்குவரத்துச் செலவுக்குக் கைகொடுத்தது. புல்லுக்குப் பெயர்போன நாடே புல்லை இறக்குமதி செய்தது! தன் நிலம் தாங்கும் அளவுக்கு மேல் மாடு வைத்திருந்தவரையே இந்த அடி கடுமையாகத் தாக்கியது.

புல் நிறைய இருப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. வசந்தத்தில் வேகமாக வளரும் இளம்புல்லில் மக்னீசியம் குறைவு. பால் கொடுக்கும் பசு அதைத் தின்று திடீரென்று நடுங்கி விழுந்து, சில மணித்தியாலங்களில் இறந்துவிடக்கூடும். அதனால் அந்த வாரங்களில் தண்ணீரிலோ தீனிலோ மக்னீசியம் கலந்து கொடுக்கிறார்கள். பசுமையைக் கண்டு மயங்காமல் அதில் என்ன குறை என்றும் பார்க்கிறார்கள்.

நமது வசந்தம் எப்போது?

நமக்குக் குளிர்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆனால் புல்லின் நாட்காட்டி நமக்கும் உண்டு. கிழக்கில் அதை எழுதுவது வடகீழ்ப் பருவமழை. ஒக்டோபரில் மழை தொடங்கும். தை மாதம் தாண்டும்வரை நிலம் பச்சையாக இருக்கும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலில் தாளடி கிடைக்கும். ஆனி முதல் புரட்டாதி வரை வரட்சி. மாடு எலும்பாகும் காலம் அது.

இங்குள்ள சிக்கலைக் கவனியுங்கள். புல்லும் தாளடியும் கிடைக்கும் தை, மாசி, பங்குனியில் பசுக்கள் தேறுகின்றன, பருவத்துக்கு வருகின்றன. காளை வருடம் முழுவதும் பட்டியில் நிற்பதால் அப்போதே சினைப்பட்டும் விடுகின்றன. மாசியில் சினைப்பட்ட பசு கார்த்திகை, மார்கழியில் ஈனும். அது அடைமழையும் வெள்ளமும் வரும் காலம். பெரும்போகத்துக்காக வயற்பகுதியிலிருந்து பட்டிகளை அப்புறப்படுத்தும் காலமும் அதுவே. வரட்சியில் மெலிந்து, மழையில் நனைந்து நிற்கும் பசுவுக்கு அந்த நேரத்தில் கன்று பிறக்கிறது.

2022 டிசெம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் சூறாவளியோடு வந்த கடும் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் திறந்த வெளியிலேயே இறந்தன. மாகாணங்களுக்கிடையே இறைச்சி கொண்டுசெல்வதும் தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. குளிரை அனுப்புவதும் நிறுத்துவதும் அல்லாஹ்வின் கையில். ஆனால் தோலுக்கடியில் கொழுப்பில்லாத மாடும் பிறந்து சில நாளேயான கன்றும் குளிரைத் தாங்காது என்பது அறிந்த விடயம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணிக்கப்பட்டவர்கள் நாம்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். கிழக்கின் தாழ்ந்த பகுதிகளில் காளையைச் சித்திரை, வைகாசி வரை பிரித்து வைத்தால் கன்றுகள் தை, மாசியில் பிறக்கும். அடைமழை ஓய்ந்திருக்கும், புல் நிற்கும், தாளடியும் பின்னால் வரும். கன்றுக்கு வரட்சி வரும்போது ஐந்து மாதம் ஆகியிருக்கும். இது எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே மாதம் அல்ல. குளத்தடியில் மேயும் பட்டிக்கு ஒரு கணக்கு, காட்டோரம் மேயும் பட்டிக்கு இன்னொரு கணக்கு. உங்கள் பகுதி மிருக வைத்தியரோடு உட்கார்ந்து பேசி உங்கள் மாதத்தைத் தீர்மானியுங்கள். ஆனால் ஒரு மாதத்தைத் தீர்மானியுங்கள்.

பலர் மேயவிடும் பொது நிலத்தில் காளையைப் பிரிப்பது எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒருவரால் முடியாது, பட்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்தால் முடியும். வேண்டாத நாம்பன்களுக்குக் காயடிப்பதும், நல்ல காளைகள் சிலவற்றைக் கூட்டாக வாங்கி வைப்பதும் அதற்கான வழி. காளையை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் அது தன் மகளையே சினைப்படுத்தும், பட்டி வருடா வருடம் சிறுத்துப் போகும்.

இனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூடிய பால் தரும் மாடுகள் 2017 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டன. அவற்றை வாங்கிய விவசாயிகளில் பலர் நோயாலும் தீன் செலவாலும் கடனாளியான செய்திகளைப் பின்னர் படித்தோம். மாட்டிறைச்சிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பெரிய மாட்டுக்குப் பெரிய வயிறு. புல்லைப் பார்த்து மாட்டைத் தெரிவு செய்ய வேண்டுமே தவிர மாட்டை வாங்கிவிட்டுப் புல்லைத் தேடி ஓடக் கூடாது.

ஷரீஅத் சொல்லும் வேறுபாடு

மாட்டு ஸகாத்தின் சட்டம் இங்கு சிந்திக்கத்தக்கது. 30 மாடுகளுக்கு ஒரு வயதுக் கன்று ஒன்று, 40 மாடுகளுக்கு இரண்டு வயதுள்ளது ஒன்று என்பது நாம் ஓதியது. ஆனால் நமது ஷாபிஈ மத்ஹபின்படி இது பொது மேய்ச்சலில் மேய்ந்து வளரும் மாட்டுக்கே உரியது. உரிமையாளர் செலவு செய்து தீன் போட்டு வளர்க்கும் மாட்டுக்கு அந்த வகை ஸகாத் இல்லை. விற்பனைக்கென்றே வாங்கிய மாடு வியாபாரப் பொருளாகக் கணக்கிடப்படும். அல்லாஹ்வின் புல்லில் வளர்ந்த மாடும் காசுப் புல்லில் வளர்ந்த மாடும் ஒன்றல்ல என்று மார்க்கமே பிரித்துக் காட்டுகிறது. நம் கணக்குப் புத்தகம் மட்டும் ஏன் இரண்டையும் ஒரே வரியில் எழுதுகிறது?

உழ்ஹிய்யாவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் 2026 இல் மே மாத இறுதி. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி, 2030 அளவில் ஏப்ரலுக்கு வந்துவிடும். அதாவது மழைப் புல்லும் தாளடியும் தின்று மாடு தேறி நிற்கும் காலத்துக்குப் பெருநாள் நெருங்கி வருகிறது. தை மாதத்தில் பிறந்த கன்று மூன்றாவது வருடப் பெருநாளுக்கு வயது நிறைந்து, எடையோடு நிற்கும். இதை முன்கூட்டிக் கணக்கிட்டு வளர்ப்பவருக்குச் சந்தை காத்திருக்கிறது. பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாடு தேடி அலைபவர் தரகர் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

நிலம் இல்லாமல் போனால்

இத்தனையும் மேய்ச்சல் நிலம் இருந்தால்தான். மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் மேய்ச்சற்றரையில் வெளியார் பயிர்செய்வதை எதிர்த்து மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அம்பாறையின் வட்டமடுவில் நெற்செய்கைக்கும் மேய்ச்சலுக்கும் இடையிலான இழுபறி நெடுங்காலத்தது. அங்கே நெல் விதைப்போரில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. மாடு வளர்க்கும் தமிழ்ச் சகோதரர்களோடு உட்கார்ந்து பேசி எல்லையைத் தீர்மானிக்காவிட்டால் இருதரப்பும் நட்டமடையும். மாட்டிறைச்சிக் கடையில் தொங்குவதும் அந்த நிலத்தின் புல்தான்.

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் அங்கீகாரம் கொடுத்தபோது நமது சமூகம் கலங்கியது. அப்போது நம்மீது வீசப்பட்ட சொல், நாட்டின் மாட்டு வளத்தை அழிப்பவர்கள் என்பது. பரம்பரையாகப் பட்டி வைத்திருக்கும் நம் குடும்பங்கள் கிழக்கில் எத்தனையோ இருந்தும் அந்தப் பெயர்தான் நமக்குக் கிடைத்தது. அறிக்கைகளால் இந்தப் பழி முழுதாக நீங்காது. ஒன்றை அறுக்கும் சமூகம் இரண்டை வளர்த்தும் காட்ட வேண்டும். சினைப் பசுவை இறைச்சிக்கு விற்பவரை நாமே தடுக்க வேண்டும். அது சட்டப் பிரச்சினை என்பதற்கு முன், வரப்போகும் வருமானத்தை வயிற்றோடு விற்கும் முட்டாள்தனமான வியாபாரம்.

மாட்டில் பணம் போட நினைக்கும் வர்த்தகச் சகோதரர்களுக்கு நான் சொல்வது சுருக்கமானது. பத்து மாட்டுக்குப் பணம் இருந்தால் ஏழு மாடு வாங்குங்கள். மிச்சத்தை வேலிக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், வீட்டோரம் அரை ஏக்கர் சிஓ-3 புல்லுக்கும், வேலியில் சீமைக்கிளுவைக்கும் செலவிடுங்கள். அறுவடை முடிந்த வயலில் வைக்கோலை எரிக்க விடாமல் கட்டி, நனையாமல் அடுக்கி வையுங்கள். ஒரு கொப்பி வாங்கி ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஈன்ற திகதி, காளை சேர்ந்த திகதி, கன்றின் நிலை என்ற மூன்றும் போதும். இரண்டு வருடம் தொடர்ந்து வெறும் பக்கமாக இருக்கும் பசு எதுவென்று அந்தக் கொப்பி காட்டும். பட்டிக்காரருக்கு அவர் பங்கை ஒழுங்காகக் கொடுங்கள். கன்று பிழைத்தால் அவருக்கும் கூடுதலாக ஏதாவது கிடைக்கும் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். மழையில் நள்ளிரவில் எழும்பிக் கன்றைத் தூக்கி மேட்டில் விடப் போவது நீங்களல்ல, அவர்.

கடைச் சரக்கை மழைக்கு முன் உள்ளே எடுக்கத் தெரிந்த நமக்கு, உயிருள்ள சரக்கைப் புல்லோடு சேர்த்துக் கணக்கிடவும் தெரிய வேண்டும். வல்ல நாயன் நமது முயற்சிகளில் பரக்கத் செய்வானாக.